சித்தப்பாவின் நூலும் என் ஸ்கீயும்: மலையகத்தில் ஐந்து நாள்

முதல் நாள்: கொழும்பு கோட்டை – அப்புத்தளை

அதிகாலை 5.55க்குப் புறப்படும் பொடி மெனிக்கே ரயில். ஊருக்குப் போகும்போது எப்போதும் கடைசிப் பெட்டியில்தான் ஏறுவேன். றம்புக்கனையில் ஏற்றம் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் எஞ்சினையும் முன் பெட்டிகளையும் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். சின்ன வயதில் அது வேடிக்கை. இந்த முறை எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது.

ஒன்பது வருடமாக சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். அதில் கடைசி மூன்று பனிக்காலம், காலில் நீளப் பலகை கட்டிப் பனிச்சரிவில் வழுக்கி இறங்கும் ஸ்கீ பழகுகிறேன். கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "உனக்கேன் இந்தக் கோதாரி வேலை? கால் முறிஞ்சால் ஆர் சம்பளம் தாறது?" என்று வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு.

எனக்கு விழாமல் இறங்கத் தெரியும். திரும்பத்தான் தெரியாது. திரும்புகிறேன், இல்லையென்று இல்லை. ஆனால் குதிகாலைத் தள்ளித் தள்ளி, பனியைச் சீவிச் சீவி, வழுக்கிக்கொண்டுதான் திரும்புகிறேன். எனக்குப் பின்னால் மாடு புரண்ட மாதிரி அகலமாக ஒரு தடம். பக்கத்தில் அறுபது வயது இருக்கும் ஒரு பெண்மணி இறங்குவார். அவருக்குப் பின்னால் பென்சிலால் கிழித்தது போல இரண்டே இரண்டு கோடு. அதைத்தான் கார்விங் என்கிறார்கள். ஸ்கீயின் இரும்பு விளிம்பு பனியை வெட்டும், வெட்டிய அந்தக் கோட்டிலேயே முழு ஸ்கீயும் ஓடும். முன்நுனி போன வழியில் வாலும் போகும், பக்கவாட்டில் வழுக்கல் இருக்காது.

சொல்லிக்கொடுத்த பையன் ஜெர்மனில் ஒரே வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான். "வார்ட்டன், வார்ட்டன்." பொறு, பொறு. எதற்குப் பொறுப்பது என்பது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மென்மையான சரிவில் இரண்டு காலையும் லேசாகச் சாய்த்து விட்டு, வேறொன்றும் செய்யாமல் இரண்டு மெல்லிய கோடு விழுகிறதா என்று பார்ப்பது முதல் பயிற்சி. ஆங்கிலம் பேசுகிற பயிற்சியாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் "தண்டவாளம்". அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு ரோஷம். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன் நான். எனக்கா தண்டவாளம் வரவில்லை?

நானுஓயாவில் சுற்றுலாக்காரர்கள் மொத்தமாக ஏறினார்கள். அதற்குப் பிறகு வாசலில் நிற்கக்கூட இடமில்லை. பட்டிப்பொல, 6,200 அடிக்குக் கொஞ்சம் கூட. இலங்கையில் இதற்கு மேலே ரயில் நிலையம் கிடையாது. அதைத் தாண்டி வரும் சுரங்கத்தின் இந்தப் பக்கம் மூடுபனி, அந்தப் பக்கம் போனால் ஊவாவின் வெயில். பெட்டியே ஒரு "ஆ" போட்டது. நானும் போட்டேன்.

அப்புத்தளையில் சித்தப்பா காத்திருந்தார். ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். என் பையைத் தூக்கிப் பார்த்து, "என்னாப்பா இவ்வளவு கனம், கல்லா கொண்டாந்த?" என்றார். உள்ளே அக்கா மகனுக்காக வாங்கிய ரோலர் ஸ்கேட் ஒரு ஜோடி, சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் வகை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கும் ஒரு ஜோடி.

இரண்டாம் நாள்: இதல்கஸ்ஹின்னவிலிருந்து நடை

காலையில் ரயிலில் இதல்கஸ்ஹின்ன போய், பாதையோரமாகவே அப்புத்தளைக்கு நடந்து வந்தோம். இரண்டு பக்கமும் மலை சரிந்து இறங்க, நடுவில் கத்தி முனை போல நிலையம். பாதையில் நடக்கக் கூடாது என்பது சட்டம். நடக்காத ஆள் இந்தப் பக்கம் இல்லை. சித்தப்பா இன்னமும் வேலையில் இருப்பது மாதிரிதான் நடப்பார். குனிந்து, சிலிப்பர் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே.

வழியில் என் ஸ்கீ புராணத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எஞ்சின் ட்ரைவர் கையில ஸ்டியரிங் இருக்கா?" என்றார்.

"இல்ல சித்தப்பா."

"அப்புறம் எப்படி வண்டி திரும்புது?"

ஒரு வளைவில் நின்றார். வெளிப்பக்கத் தண்டவாளம் உள்பக்கத்தை விட உயரமாக இருப்பதைக் காலால் தட்டிக் காட்டினார். வண்டி உள்ளே சாய வேண்டும் என்பதற்காக உயர்த்தி வைப்பது. சக்கரமும் நேர் உருளை இல்லை, உள்விளிம்புப் பக்கம் பெருத்த கூம்பு. வளைவில் வண்டி வெளியே ஒதுங்கும்போது வெளிச்சக்கரம் தன் பெருத்த பகுதியில் உருளும், உள்சக்கரம் சிறுத்த பகுதியில். ஒரே அச்சில் ஒன்று கூட ஓடுகிறது, மற்றது குறைய ஓடுகிறது. அதனால் தானாகத் திரும்புகிறது. நம் மலைப்பாதை மாதிரி இறுக்கமான வளைவுக்கு அது மட்டும் போதாது, சக்கரத்தின் உதடும் தண்டவாளத்தில் உரசும். கீச்சென்று கேட்கிற சத்தம் அதுதான்.

"சரி, எவ்வளவு ஒசத்தணும்னு எப்படித் தெரியும்?"

"வேகத்துக்குத் தக்கன. மெதுவாப் போற வண்டிக்கு ரொம்ப ஒசத்திட்டா உள்தண்டவாளம் அடிவாங்கும்."

இதைக் கேட்டதும் எனக்குப் போன மார்ச்சில் விழுந்தது நினைவுக்கு வந்தது. காணொளிகளில் பந்தயக்காரர்கள் இடுப்பு பனியைத் தொடச் சாய்வதைப் பார்த்து, நான் மெதுவாகப் போய்க்கொண்டே அவ்வளவும் சாய்ந்தேன். உள்பக்கமாகப் பொத்தென்று விழுந்தேன். அவர்களைத் தாங்கிப் பிடிப்பது அவர்களின் வேகம். என்னிடம் அது இருக்கவில்லை.

அப்புறம் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தார். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம், இன்னும் பையில் நூல்! 33 அடி, பழைய நில அளவையில் அரைச் சங்கிலி. நூலின் இரு முனையையும் வெளித்தண்டவாளத்தின் உள்முகத்தில் வைத்து இழுத்துப் பிடித்தோம். நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். 5 அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு.

"அஞ்சு சங்கிலி வளைவு" என்றார், யோசிக்காமல்.

கணக்கு இதுதான். நூல் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, நடு இடைவெளியின் எட்டு மடங்கால் வகுத்தால் வளைவின் ஆரம். 33 பெருக்கல் 33, 1,089. 5 அங்குலத்தின் எட்டு மடங்கு மூன்றேகால் அடிக்குக் கொஞ்சம் கூட. வகுத்தால் ஏறக்குறைய 327 அடி, அந்த மயிரிழைக் குறைவையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 5 சங்கிலி என்பது 330 அடி. மலைநாட்டுப் பாதையில் மிக இறுக்கமான வளைவு இதுதான், நூறு மீட்டர் ஆரம்.

நான் அந்த இடத்திலேயே ஜல்லிக்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் ஸ்கீயின் மேல் அச்சடித்திருக்கும் எண்கள் எனக்கு மனப்பாடம்: 121, 70, 103. மில்லிமீட்டரில் முன்பக்க அகலம், இடுப்பு அகலம், வால் அகலம். இடுப்பு ஒடுங்கியிருப்பதால் ஸ்கீயின் பக்கமே ஒரு வளைவு. முன்னும் பின்னும் சராசரி 112. இடுப்பு 70. வித்தியாசம் 42, ஒரு பக்கத்துக்கு 21. அகலமான இரு இடங்களுக்கு நடுவே தூரம் ஏறக்குறைய 1.45 மீட்டர். சித்தப்பாவின் கணக்கைப் போட்டேன். 12.5 மீட்டர். வாலில் அச்சடித்திருப்பதும் 12.5 தான்.

இவ்வளவு நாளாக அந்த எண் ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கீ தானாக எந்த வட்டத்தில் ஓட விரும்புகிறது என்பதைத்தான் அதில் எழுதியிருக்கிறார்கள்.

பழைய ஸ்கீக்கள் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட நேர்ப்பலகை. பக்க வளைவின் ஆழம் 7 மில்லிமீட்டர் அளவுதான். அதே கணக்கில் போட்டால் ஆரம் 60 மீட்டருக்குக் கிட்ட வரும். அவ்வளவு பெரிய வட்டத்தைச் சாதாரண ஆள் எங்கே போடுவது? தள்ளித்தான் திருப்ப வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில்தான் இது மாறியது. சுலோவேனியாவின் எலான் நிறுவனம் 1993இல் எஸ்.சி.எக்ஸ் என்று இடுப்பு நன்றாக ஒடுங்கிய ஸ்கீயைக் கொண்டுவந்தது. பார்த்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். சில வருடங்களில் எல்லாக் கம்பனிகளும் அந்த வடிவத்துக்கு வந்துவிட்டன. ஆக, என் காலில் இருப்பது புதுக்காலத்து ஸ்கீ, நான் ஓட்டுவது பழங்காலத்து ஓட்டம். தண்டவாளம் போட்ட பிறகும் வண்டியைத் தோளால் தள்ளித் திருப்புகிற ஆள் நான்.

ராத்திரி இன்னொரு வேலை செய்தோம். அக்கா மகன் பிஸ்கட் பெட்டி அட்டையை ஸ்கீ வடிவத்தில், இடுப்பு ஒடுங்க வெட்டினான். மேசையில் தட்டையாக வைத்தால் சும்மா கிடக்கிறது. விளிம்பில் சாய்த்து நிறுத்தினால் முன்னும் பின்னும் மட்டும் மேசையைத் தொடுகிறது, இடுப்பு அந்தரத்தில். நடுவில் விரலால் அழுத்தினால் அட்டை வளைந்து விளிம்பு முழுக்க மேசையில் படிகிறது. அந்த விளிம்புதான் வளைவு. கூடச் சாய்த்தால் கூட வளைகிறது, வட்டம் சிறுக்கிறது. 12.5 மீட்டர் ஸ்கீயை 60 பாகை சாய்த்தால் ஓடுகிற வட்டம் பாதியாகி, ஆறேகால் மீட்டருக்கு வந்துவிடும்.

"இப்ப தெரியுதா, எதுக்குப் பொறுக்கணும்னு?" சித்தப்பா பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். சாய்த்த பிறகு பலகை வளைய ஒரு கணம் வேண்டும். அந்த ஒரு கணத்தைத்தான் நான் தரவே இல்லை. சாய்த்தவுடன் பயம், பயந்தவுடன் குதிகாலைத் தள்ளல்.

மூன்றாம் நாள்: தெமோதரை, மழை

மழை என்றால் மார்கழி மாதத்து ஊவா மழை, குடைக்கு மரியாதை தராத மழை. ஆனாலும் சித்தப்பா விடவில்லை. தெமோதரைக்குப் போய், பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் அடியிலேயே சுரங்கமாகப் போவதைப் பார்த்தோம். சுரங்கத்துக்கு மேலே நிலையம். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று எல்லோரும் சொல்கிற கதை இருக்கிறதே, அதை அக்கா மகன் சின்னவன் சொன்னான்.

"கத நல்லாத்தான் இருக்கு" என்றார் சித்தப்பா. "நூல் புடிச்சவன் பேருதான் கதையில இல்ல."

பாதை பதுளையைத் தொட்டது 1924இல். வடை வாங்கினோம், நனைந்தோம், திரும்பினோம். இன்றைக்கு இவ்வளவுதான்.

நான்காம் நாள்: தேயிலை மலையும் கொங்கிரீட் ரோடும்

காலையில் அக்காவோடு மலைக்குப் போனேன். நேற்றைய மழையில் மண் ஊறிக் கிடந்தது. செங்குத்தான சரிவில், தேயிலை நிரைகளுக்கு நடுவே அவள் கொழுந்துக் கூடையோடு சாதாரணமாக நடக்கிறாள். நான் நாலடி வைப்பதற்குள் இரண்டு முறை வழுக்கினேன். இருபது வருடம் முன்பு இதே மலையில் ஓடியவன்தான். சுவிஸ் சப்பாத்து, நல்ல விலை, நாலடி தாங்கவில்லை.

அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஏன்டா மலையக் கட்டிப் புடிக்கிற? மலைப்பக்கம் சாஞ்சா கால் வெளிய போயிரும். பள்ளத்துப் பக்கம் ஒடம்ப விடு, கால மண்ணுல குத்து."

அவள் நிற்பதை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். பாதத்தின் மலைப்பக்க ஓரம் மண்ணில் குத்தியிருக்கிறது. முழங்காலும் இடுப்பும் மலைப்பக்கம். இடுப்புக்கு மேலே உடம்பு பள்ளத்துப் பக்கம் வளைந்திருக்கிறது, தோள் இரண்டும் ஏறக்குறைய சரிவுக்கு இணை. பாரம் முழுக்கப் பள்ளத்துப் பக்கக் காலில். இது ஸ்கீ புத்தகங்களில் படம் போட்டு, கோடு கிழித்து, அம்புக்குறி வைத்துக் காட்டுகிற நிலை. கால் மட்டும் சாய வேண்டும், மேலுடம்பு கூடவே சாய்ந்து விழக் கூடாது. வளைவில் பாரம் வெளிக்காலில். பயந்தவன் மலையைப் பார்த்துச் சாய்வான், அப்போது வெளிக்காலிலிருந்து பாரம் போய்விடும், விளிம்பு பிடி விடும், அவ்வளவுதான்.

"அக்கா, அப்படியே நில்லு, ஒரு போட்டோ."

"கொழுந்து நெறுக்கணும், போடா."

படம் எடுக்கவில்லை.

மத்தியானம் சக்கரம் கட்டினோம். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கீழே புதுசாகப் போட்ட கொங்கிரீட் ரோட்டில் ஒரு துண்டு மட்டும் சரிவு குறைவு, ஐம்பது அடி இருக்கும், முடிவில் ஏற்றம். அதற்குக் கீழே போனால் வளைவு, வளைவுக்குக் கீழே பஸ். ஆகவே இந்த ஐம்பது அடிதான் எங்கள் ஆல்ப்ஸ். ரோலர் ஸ்கேட்டுக்கு ஸ்கீ போல ஒடுங்கிய இடுப்பு கிடையாது, அது வளையவும் வளையாது. ஆனால் சாய்த்தால் சக்கரங்கள் விளிம்பில் ஓடி வளைவு போடும், காய்ந்த கொங்கிரீட்டில் குதிகாலைத் தள்ள விடாது. தள்ளினால் ஆளைத்தான் தள்ளிவிடும். ஸ்கீ பந்தயக்காரர்கள் கோடையில் இதில் பழகுவதும் அதனால்தான்.

தள்ளினேன். தள்ளிவிட்டது. முழங்கையில் தோல் போனது.

சின்னவனுக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை, அதனால் கெட்ட பழக்கமும் இல்லை. "மாமா, வெளிக்கால்ல நில்லுங்க, சும்மா இருங்க" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தான். அவன் கணுக்காலைச் சாய்ப்பான், நிற்பான், பார்வை ரோட்டின் முடிவில் இருக்கும். நானோ குனிந்து என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்தாவது தடவையோ பதினொன்றாவது தடவையோ, இடக்காலில் நின்று, தாடைக்கு முன்னால் ஒன்றுமில்லாத வெளியைப் பார்த்து, மனதுக்குள் 'பொறு' என்று சொன்னேன். ரோடு தானாக வலப்பக்கம் வந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. கீச்சென்ற சத்தம்கூட இல்லை.

லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கை தட்டினார். கேலிக்கா பாராட்டுக்கா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பலகையோட விளிம்பு கூரா இருக்குமா?" இருக்க வேண்டும். பக்கமும் அடியும் சேரும் இடத்தை 88 பாகை மாதிரி தீட்டுவார்கள். நான் மூன்று வருடமாக வாடகைக்கு எடுத்தவற்றை யாரும் தீட்டியதாகத் தெரியவில்லை, நானும் கேட்டதில்லை. "மொட்டக் கத்தியில கவ்வாத்து வெட்டப் போனியா?" என்றார். இப்போது சொந்த ஸ்கீ இருக்கிறது. போனதும் முதல் வேலை அரம் வாங்குவது.

ஐந்தாம் நாள்: பொங்கலுக்கு முந்தின நாள்

இன்று எழுத நேரமில்லை, வீடு கழுவ வேண்டும். ஆனால் இதை மட்டும் எழுதியே ஆக வேண்டும்.

பனியில் தடம் விழும், கொங்கிரீட்டில் விழாது. என்ன செய்தோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இது சின்னவனின் கவலை. காலையில் அக்கா தண்ணீர் எடுக்கப் போன நேரம், அவன் சமையலறையிலிருந்து ஒரு டப்பாவோடு வந்து தோட்டத்து ஆட்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தின் சீமெந்துத் தரையில் வெள்ளையாகத் தூவினான். நானும் தடுக்கவில்லை. (மாவு மேல் சக்கரம் ஓட்டுவது புத்தியுள்ள காரியம் இல்லை. வழுக்கும். யாரும் செய்ய வேண்டாம்.)

முதலில் நான். திரும்பிப் பார்த்தால் தொடக்கத்தில் விளக்குமாறு பட்டது போல ஒரு விசிறித் தடம். குதிகால், பழைய சிநேகிதன், விடமாட்டேன் என்கிறான். ஆனால் அந்த விசிறி ஒரு முழ நீளம்தான். அதற்குப் பிறகு இரண்டு கோடு, ஒன்றுக்கொன்று இணையாக, கடைசி வரைக்கும். சித்தப்பா குத்த வைத்து உட்கார்ந்து நூலை எடுத்தார். வெளிக்கோட்டில் நூலைப் பிடித்து நடுவே அளந்து, "வளைவு ஒரே சீரா இல்ல, நடுவுல உடையுது" என்று சொன்னார். அதாவது நடுவில் இன்னும் அவசரப்பட்டிருக்கிறேன். தடத்தைப் பார்த்தே இதைச் சொல்ல பேர்னில் ஒரு மணிக்கு எவ்வளவு பிராங்க் வாங்குவார்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

சின்னவனின் கோடு சுத்தமாக இருந்தது. அவர் நூலை எடுக்கவே இல்லை.

அப்போது அக்கா வந்தாள். குடத்தை இறக்கினாள். தரையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். சித்தப்பா நூலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மெதுவாக எழுந்து நகர்ந்துவிட்டார்.

"கோல மாவு எங்கடா?"

நாங்கள் பேசவில்லை.

"மாமனும் மருமகனும் டவுனுக்குப் போயி ஒரு கிலோ அரிசி மாவு வாங்கிட்டு வாங்க. நடந்தே போங்க. அந்தச் சக்கரத்த மாட்டிக்கிட்டுப் போனீங்கன்னா நாளைக்கு ரெண்டு பேருக்கும் பொங்கல் கெடையாது."